மெழுகு பூசிய பத்தாவது கட்டம்

எங்கள் வீட்டில் காலையில் முதலில் கேட்பது ஒரு மணியோசை. அலாரம் என்று நினைத்துவிட வேண்டாம். பேருந்துகளில் டிக்கெட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த பழைய மிஷின் ஒன்று எங்கள் சாப்பாட்டு மேசையின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனியில் அந்த மிஷின்களைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று, எல்லோரும் கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இவரோ, கம்பெனி குப்பையில் போட வைத்திருந்த இந்த இரும்புப் பெட்டியைக் கேட்டு வாங்கித் தோளில் சுமந்து வந்தார். தினமும் காலையில் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தேதியைத் திருப்பி, ஒரு காகிதத் துண்டை உள்ளே விடுவார். டிங்.

ஏழு வருஷமாக அந்த டிங் கேட்கும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் காதும் சேர்ந்து குறுகுறுக்கிறது.

இப்போது அட்டையைக் காட்டினால் பீப் என்கிற காலம். அப்போது பத்துச் சீட்டு. ஒரு சாண் நீளத்தில் கெட்டியான காகிதம், அதில் ஒன்றிலிருந்து பத்து வரை கட்டங்கள். பத்துப் பயணத்துக்கு மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் மலிவு. பஸ்ஸில் ஏறியதும் எந்தக் கட்டத்தைச் செலவழிக்கிறோமோ அது ஓரத்துக்கு வரும்படி மடித்து மிஷினின் வாயில் விட வேண்டும். டிங் என்று ஊதா மையில் தேதியும் மணியும் விழும். விழுந்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் மாறி மாறிப் போகலாம். சீட்டில் யார் பெயரும் இருக்காது. புருஷன் இரண்டு கட்டம், பெண்டாட்டி மூன்று, பிள்ளைகள் மிச்சம் என்று ஒரே சீட்டில் ஒரு குடும்பமே போய் வரும். மடிக்கத் தெரியாமல் ஒரேயடியாக நாலு கட்டத்தை வீணடித்தவர்களும் உண்டு. என் மாமனார் அதில் முதலாவது.

எங்கள் வீட்டுச் சீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கிளிப்போடு தொங்கும். வெளியே போகிறவர் எடுத்துப் போய், வந்ததும் மாட்டிவிட வேண்டும். தீர்ந்துபோனால், தீர்த்தவர் புதிது மாட்ட வேண்டும். இது வீட்டுச் சட்டம். போட்டவள் நான். மீறியதும் நான்தான்.

அப்போது வீட்டில் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை. இருபத்து மூன்று வயதாகியும் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். நாத்தனார் என்றால் முள் என்று ஊரெல்லாம் பயமுறுத்தித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இவளோ நான் திட்டினால் சிரிக்கிற ரகம். எனக்குத் தையல் கடையில் வேலை. கால்சட்டைக்கு மடிப்பு வைப்பது, இடுப்பைப் பிரித்துத் தைப்பது, பொத்தான் கட்டுவது. கைத்தையல் நூலில் சிக்கு விழாமலிருக்க ஒரு மெழுகுக் கட்டியில் இழுத்து எடுப்போம். அந்தக் கட்டி, ஊசி, நூல் எல்லாம் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். அதே டப்பாவில் அவருடைய குட்டிக் குட்டி ஸ்க்ரூக்களும் கிடக்கும், வாங்கி வைத்த புதுச் சீட்டுகளும் இருக்கும். எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாத டப்பா.

சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கு மிஷின் பேச்சுதான். என் சமையலை ஒருநாள் புகழ்ந்தவரில்லை, அந்தப் பெட்டியின் ஸ்பிரிங்கைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். ஒருநாள் பயணிகள் செய்கிற ஏமாற்று வேலைகளைச் சொல்லிச் சிரித்தார். கட்டத்தின் மேல் சோப்புத் தேய்ப்பார்களாம், பசை நாடா ஒட்டுவார்களாம், மெழுகுவத்தி தடவுவார்களாம். மை ஒட்டாமல் மேலேயே நிற்கும், இறங்கியபிறகு துடைத்துவிட்டு மறுபடி அதே கட்டத்தை அடிக்கலாம்.

"எல்லாம் அரைகுறைப் பசங்க," என்றார். "திட்டுத் திட்டா தடவி வச்சிருப்பாங்க. செக்கர் கட்டை விரலால ஒரு தேய் தேய்ச்சா போதும், மாட்டிக்குவான். மெழுகை சமமா பூசற ஆள் இன்னும் பொறக்கலை."

பாப்பா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஏன் பிறக்கவில்லை, உங்களுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தேன்.

பணத்துக்காகச் செய்தேன் என்று சொன்னாலாவது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அதற்காக இல்லை. வெறும் வீம்பு. மெழுகைச் சுரண்டித் தூளாக்கி, கட்டத்தின் மேல் தூவி, இரண்டு காகிதத்துக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டேன். சூடு கூடினால் எண்ணெய்க் கறை மாதிரி ஊறிவிடுகிறது, குறைந்தால் திட்டு விழுகிறது. நாலு சீட்டு பாழாயிற்று. ஐந்தாவதில் கை வந்தது. ஒன்பது கட்டங்களை ஒழுங்காக அடித்துத் தீர்த்த சீட்டு அது. பத்தாவதற்கு மட்டும் மெழுகு. பார்க்கிறவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. மூன்று மாதம் அந்த ஒரு கட்டத்திலேயே தையல் கடைக்குப் போய் வந்தேன். இறங்கியதும் ஒரு துணித் துண்டால் துடைத்தால் குழந்தை முகம் மாதிரி ஆகிவிடும். அவர் மிஷினை நான் ஜெயித்துவிட்டேன். யாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது என்பது மட்டும்தான் அப்போது எனக்கிருந்த ஒரே வருத்தம்.

அந்தச் சமயத்தில் பாப்பா பஸ் கம்பெனிக்கே பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். டிக்கெட் கவுன்டரில் வேலை. ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணி, உக்காந்தே பாக்கற வேலை. அந்த சேர் சுத்துமாம். இந்தப் பக்கம் டிக்கெட், அந்தப் பக்கம் போன். எழுந்திரிக்கவே வேணாமாம்."

"ரொம்ப சுத்தாதே, தலை சுத்தி விழுந்துடப் போறே," என்றேன்.

வேலை உத்தரவை வாங்கிவரத் தலைமை அலுவலகத்துக்கு அவள் போக வேண்டிய அன்று, எனக்குக் கடையில் அவசரத் துணி. விடிந்ததும் கிளம்பினேன். முதல் நாள்தான் சாலையில் இரண்டு செக்கர்களைப் பார்த்திருந்தேன், அதனால் அன்றைக்கு யோக்கியமாகப் போவோம் என்று ஆணியில் தொங்கிய பொதுச் சீட்டை எடுத்தேன். அதில் கடைசிக் கட்டம்தான் இருந்தது. புதிது மாட்டவில்லை. மெழுகுச் சீட்டு டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது.

பாப்பா ஆணியைப் பார்த்திருக்கிறாள், காலி. டப்பாவைத் திறந்திருக்கிறாள். புதுச் சீட்டுகளும் இருந்தன. புதிதை ஏன் உடைக்க வேண்டும், இதில்தான் ஒரு கட்டம் மிச்சமிருக்கிறதே என்று மேலே கிடந்ததை எடுத்துப் போயிருக்கிறாள். சிக்கனமாக இரு சிக்கனமாக இரு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் யார் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது நிறுத்தத்தில் செக்கர் ஏறினார். கட்டை விரலால் தேய்த்தார். தேதி அவர் விரலுக்கு வந்துவிட்டது.

செக்கர் சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இவ்வளவு சுத்தமான வேலை வெளி ஆளுக்கு வராது. மிஷின் தெரிஞ்ச ஆள் யாரோ செஞ்சு குடுத்திருக்கான்" என்றாராம். யாருடையது என்று கேட்டிருக்கிறார். பாப்பா, "என்னோடதுதான். நான்தான் பண்ணினேன்" என்று சொல்லிவிட்டாள். கவுன்டர் வேலை அன்றோடு போயிற்று. டிக்கெட்டில் ஏமாற்றியவளை டிக்கெட் விற்க யார் உட்காரவைப்பார்கள்? என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அந்தச் சீட்டைக் கையில் கொடுத்துக் காட்டி, இனி மிஷின் பக்கம் போகக் கூடாது என்று டயர் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் டயர் உருட்டினார்.

அன்று சாயங்காலம் நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். பாப்பா அதற்கு முன்பே வந்து சுவரோரம் நின்றிருந்தாள்.

"நான் சொன்னதைக் கேட்டு நீ கத்துக்கிட்டது இதுதானா? என் சோத்துலயே மண்ணைப் போட்டுட்டியே. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

அவள் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. "சரிண்ணா" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் என்ன செய்தேன்? இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? உண்மையைச் சொன்னால் மெக்கானிக்கின் பெண்டாட்டியே செய்தாள் என்று அவர் வேலையும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல கெட்டியான சாக்கு. பதினேழு வருஷம் தாங்கிற்று. அவர் ஓய்வு பெற்ற அன்று அந்தச் சாக்கும் ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. அப்புறம் இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்து டிங் என்றது.

பாப்பா கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவருக்குத் தெரியாமல் நான் போனில் பேசுவேன். அந்தச் சீட்டைத் தன்னுடையது என்று ஏன் சொன்னாள் என்று மட்டும் கேட்கமாட்டேன். அவள் பெண்ணுக்குச் சட்டை தைத்து அனுப்புவேன். பாவத்துக்குப் பொத்தான் கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காயத்துக்குப் போடுகிற கட்டுத்துணி தயாரிக்கிற ஒரு கம்பெனியில் அவளுக்குப் பொட்டலம் போடுகிற வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். இருபத்து நாலு வருஷம் நின்றிருக்கிறாள். இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டுகொண்டு, போன வாரம் பெரிய டாக்டரைப் பார்க்க எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். துணைக்கு நான் போனேன்.

டோக்கன் எண் கூப்பிடுவதற்காக நடைவழியில் உட்கார்ந்திருந்தோம். பாவாடையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். கயிறு கயிறாக நீல நரம்பு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும். அன்னிக்கு அவன் பண்ணினதை நான் மன்னிச்சுட்டேன்னு."

"அவர் என்ன பண்ணினார்?"

"என்ன அண்ணி, தெரியாத மாதிரி கேக்கறீங்க? அந்த சீட்டு அவனோடதுதானே. செக்கரே சொன்னாரே, மிஷின் தெரிஞ்ச ஆள் வேலைன்னு. அவன் வேலை போயிடக் கூடாதேன்னுதான் நான் என்னோடதுன்னு சொன்னேன். சரி, நான் சொன்னது என் இஷ்டம். ஆனா வீட்டுக்கு வந்தும் உங்க எதிர்ல என்னையே திட்டினான் பாருங்க, அதைத்தான் ஜீரணிக்க முடியலை. ஒரு வார்த்தை தனியா கூப்பிட்டு, பாப்பா, நன்றின்னு சொல்லியிருந்தான்னா..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போகட்டும். வயசாயிடுச்சு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன். இங்கே பழி இரண்டு இடத்தில் இருந்தது. இவள் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று மட்டும்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். தன் தங்கை திருடி என்று அவர் நினைத்திருக்கிறார். தன் அண்ணன் கோழை என்று இவள் நினைத்திருக்கிறாள். நடுவில் நான் இரண்டு பேருக்கும் நல்லவளாகச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னை எனக்கே தொடப் பிடிக்கவில்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "வீட்டுக்கு வா," என்றேன். "நீயே அவர்கிட்ட சொல்லு."

"வேணாம் அண்ணி. அவன் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லியிருக்கான்."

"நான் கூட்டிட்டுப் போறேன். என்ன ஆனாலும் என் தலையில." முதல் தடவையாக அவளிடம் ஒரு உண்மை சொன்னேன்.

கதவைத் திறந்தவர் தங்கையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அவருக்கு வெள்ளை முடி, அவளுக்குப் பாதி. அவள் காலில் ஆஸ்பத்திரியில் சுற்றிவிட்டிருந்த கட்டுத்துணியைப் பார்த்தார். மேசைக்குத் திரும்பிப் போய் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அவர் பயந்தால் அங்கேதான் போய் உட்காருவார்.

பாப்பா நின்றபடியே சொன்னாள். "அண்ணா, நான் எதையும் மனசுல வச்சுக்கலை. உன்னை மன்னிச்சுட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"என்னது?" அவருக்குக் காது சிவந்தது. "நீ என்னை மன்னிக்கறியா? நீ பண்ணின காரியத்துக்கு நான் ரெண்டு வருஷம் டயர் உருட்டினேன். நீ வந்து என்னை மன்னிக்கறே!"

"நான் பண்ணின காரியமா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு."

அவள் பையைக் கையில் எடுத்துவிட்டாள். அதே பார்வை. இந்த முறை எனக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. இந்த வாசலை விட்டு அவள் இறங்கினால் இனி ஜென்மத்துக்கும் ஏறமாட்டாள் என்பதும் தெரிந்திருந்தது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றேன். "பாப்பா, உக்காரு."

இஸ்திரிப் பெட்டியை மேசைமேல் வைத்து சுவிட்சைப் போட்டேன். மிஷினோடு சேர்த்து அவர் வாங்கி வந்திருந்த பழைய, விற்காத பத்துச் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்து மெழுகுக் கட்டியை எடுத்தேன். பெட்டி சூடாக மூன்று நிமிஷம் ஆயிற்று. மெழுகைச் சுரண்டிப் பத்தாவது கட்டத்தில் தூவினேன். காகிதம் வைத்தேன். எண்ணி ஐந்து வரை பெட்டியை வைத்து எடுத்தேன். கை மறக்கவில்லை, அதுதான் கேவலம். மடித்தேன். அவர் பக்கமிருந்து மிஷினை என் பக்கம் திருப்பி வாயில் விட்டேன்.

டிங்.

கட்டை விரலால் ஒரு தேய். கட்டம் சுத்தம். விரலை அவர்கள் முன்னால் நீட்டினேன். இன்றைய தேதி ஊதாவாக ஒட்டியிருந்தது.

"மெழுகை சமமா பூசற ஆள் பொறக்கலைன்னு சொன்னீங்களே," என்றேன்.

அவர் சீட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதே பளபளப்புதான்," என்றார். "ஆபீஸ்ல என் கையில குடுத்துக் காட்டினாங்களே, இதேதான். இவளுக்கு இப்படி ஒரு கை வேலை எப்ப வந்துச்சுன்னு அன்னிக்கே நினைச்சேன். இந்த வீட்டுல இஸ்திரிப் பெட்டி யார் கையில இருக்குன்னு யோசிக்கலை." என்னிடம் சொல்லவில்லை. ஜன்னலிடம் சொன்னார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார். "அப்ப நீ எதுக்கு உன்னோடதுன்னு சொன்னே?"

"உன்னோடதுன்னு நினைச்சேண்ணா."

அவர் சீட்டை மேசையில் வைத்தார். கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். எழுபதை எட்டப்போகிற மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நான் அழவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியது. "பாப்பா, நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எப்போதும் போலத்தான் பார்த்தாள்.

"அண்ணி, அந்த சேர் சுத்தும்னு உங்ககிட்டதானே வந்து சொன்னேன்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். கூடத்தில் இருவரும் பேசுவது கேட்டது. டயர் பிரிவு, கல்யாணம், அவள் பெண்ணின் படிப்பு, கால். சிறிது நேரம் கழித்து அவளே, "அண்ணா, அண்ணியைக் கூப்பிடு. தனியா நிக்கறாங்க" என்றாள். என்னைவிட நல்லவளாக இருப்பதை அவள் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

அவர் எழுந்து வந்தார். அடுப்படிக்குள் நுழையவில்லை. நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு மேசைக்குத் திரும்பிப் போனார். கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவுகிற சத்தம் கேட்டது. டிங். வந்து அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"இருபத்து நாலு வருஷம் எங்க ரெண்டு பேரையும் வெளிய நிக்க வச்சே," என்றார். "ஒரு மணி நேரம் நில்லு. நேரம் முடிஞ்சதும் வா. உனக்கும் சேர்த்து சாப்பாடு எடுத்து வை."

வாங்கிக்கொண்டேன். முதல் கட்டத்தில் தேதியும் மணியும் பளிச்சென்று இருந்தன. பழக்க தோஷம், கட்டை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தேன். அழியவில்லை. அந்த ஒரு மணி நேரமும் உட்காராமல் நின்றேன்.